லிஸ்பனுக்கும் ஹெல்சிங்கிக்கும் நடுவில் ஒரு பந்தி

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள், பேச்சு ஒத்துவருகிற வரைக்கும் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். காப்பி குடிப்பார்கள், கேசரியில் இரண்டு வாய் தின்பார்கள், அவ்வளவுதான். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் எந்தப் பக்கம் மாற்றிப் பேசினாலும் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது. என் மகளுக்காக அந்தச் சோறு போட்டது போன வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். அன்றைக்கு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பெண்ணைப் பெற்றவள் திமிர் பிடித்தவள் என்பது மட்டும் எல்லோர் கதையிலும் பொதுவாக இருக்கிறது. இருக்கட்டும். அந்தத் திமிரோடேயே நானும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மீன்சுருட்டிக்குப் பக்கத்தில். முந்திரிக்காடும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. மாப்பிள்ளை வீடு பெரம்பலூர், உரக்கடை வைத்திருக்கிறார்கள். மகள் பின்லாந்தில், ஹெல்சிங்கி என்ற ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மாப்பிள்ளைக்கு போர்ச்சுக்கலில், லிஸ்பனில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகத்தைக் கொண்டுவந்த தரகர் இதைத்தான் பெரிய பொருத்தமாகச் சொன்னார்.

"ரெண்டும் யூரோப்புதாங்க. ஒரே விசா, ஒரே காசு. நம்ம பெரம்பலூரு, அரியலூரு மாதிரி வெச்சுக்கங்க. ஒரே மாவட்டமா இருந்ததுதான? பிரிச்சாங்க, சேத்தாங்க, மறுபடி பிரிச்சாங்க. பேருதான் ரெண்டு."

எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அவர்களுக்கும்தான். ஒருத்தரும் மேப்பை எடுத்துப் பார்க்கவில்லை. குவைத், துபாய், சிங்கப்பூர் என்றால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் எந்த ஏர்போர்ட்டில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று ஒப்பிப்பார்கள். யூரோப் எங்களுக்குப் புதுசு. அதனால் அது முழுக்க ஒரே டவுன் என்று நினைத்துக்கொண்டோம். இரண்டு பிள்ளைகளும் குளிர் அடிக்கிற ஒரே சீமையில் இருக்கிறார்கள், கல்யாணம் ஆனால் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பஸ் ஏறி வேலைக்குப் போய்வருவார்கள். எங்கள் கணக்கு அப்படித்தான் ஓடியது.

பிள்ளைகளுக்கு உண்மை தெரியும். கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தபோது நேரில் பார்த்துப் பேசினார்கள். திரும்பிப் போன பிறகு போனில் பேசினார்கள். மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது என்று அவள் சொல்லவே வேண்டாம். அவன் பேச்சு வரும்போது அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்து வரும். பெற்றவளுக்குத் தெரியாதா. என்னிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, மண்டபம், தேதி, நகை, எது வேணா நீங்களே பேசிக்கங்க. எம்பொண்ணு வேலைய விட்டுடுவான்னு மட்டும் என் சார்பா யார்கிட்டயும் தலையாட்டிடாத."

அந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. இங்கே நர்சிங் முடித்து, சென்னையில் ராத்திரி டூட்டியாகப் பார்த்து, அப்புறம் அந்த ஊர்ப் பாஷையைப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தையும் புடலங்காய் நீளத்துக்கு இருக்கிறது என்பாள். போன புதிதில் படுக்கை மாற்றுவது, குளிக்க வைப்பது என்று கூடமாட வேலைதான் கொடுத்தார்கள். பரீட்சையில் ஒரு தடவை தோற்று, இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்து, மறுபடி எழுதி ஜெயித்தாள். இப்போது அவள் வார்டில் இருக்கிற கிழவர்களும் கிழவிகளும் அவள் லீவு போட்டால் எங்கே என்று கேட்கிறார்களாம். லிஸ்பனுக்குப் போனால் வேறு பாஷை, வேறு பரீட்சை. மறுபடியும் கூடமாட வேலையிலிருந்து தொடங்க வேண்டும். தலையாட்ட மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அரியலூர் தாண்டுவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்களாம். வேனிலிருந்து இறங்கும்போதே எல்லோர் தலையிலும் வெள்ளைத் தூசி. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமன், பங்காளி வீட்டு ஆண்கள் நாலைந்து பேர், தரகர். கூடவே அந்த வீட்டு மூத்த மருமகள், இடுப்பில் பெண் குழந்தையோடு. அவள் புருஷன், அதாவது மாப்பிள்ளையின் அண்ணன், சிங்கப்பூரில் வேலை.

காப்பி கொடுத்தோம். பேசினார்கள். வைகாசியில் கல்யாணம், பெரம்பலூரில் மண்டபம், எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. "அப்ப கை நனைச்சுடுவோம்" என்று மாப்பிள்ளையின் அப்பாவே சொன்னார். முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பருப்பும் நெய்யும், சாம்பார், வத்தக்குழம்பு, வடை, எங்கள் காட்டு முந்திரியை அள்ளிப் போட்ட பாயசம். திருப்தியாகச் சாப்பிட்டு, கை கழுவி, கூடத்தில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் உள்ளே பெண்களின் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

தாய்மாமன் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த ஊர்ப் பேரைக் கேட்டாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை ஸ்டாப் என்று கேட்காமல் இருக்க அவரால் முடியாது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே போனை எடுத்து அதனிடமே கேட்டார், லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கி எவ்வளவு தூரம் என்று. போன் சொன்னதை அவர் நம்பவில்லை. மறுபடி கேட்டார்.

"மச்சான், இதப் பாருங்க. மூவாயிரத்து முந்நூறுக்கு மேல போவுது கிலோமீட்டரு. நேராப் போற பிளேன்லயே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆவுமாம். நம்ம அரியலூர்லேருந்து டெல்லிக்கே ரெண்டாயிரத்து சொச்சந்தான்."

எல்லோரும் தரகரைத் தேடினார்கள். அவர் டிரைவர் சாப்பிட்டாரா என்று பார்த்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டிருந்தார்.

எனக்கும் அந்தக் கணக்கு புதுசுதான், பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர் இல்லை என்று மகள் கோடி காட்டியிருந்தாள்தான், ஆனால் டெல்லிக்கும் அப்பால் என்று நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"சரி, இதுல என்ன இருக்கு. பொண்ணு வேலைய விட்டுட்டு லிஸ்பனுக்குப் போயிடட்டும். கை நனைச்சாச்சு, இனிமே அது எங்க வூட்டுப் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துடச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியும் கரண்டியுமாக நிலைப்படியில் நின்றேன். மகளுக்குப் போன் பண்ணலாமென்றால் அவள் டூட்டியில் இருந்தாள், வார்டில் போனைத் தொட முடியாது. அவளுக்காகப் பேச அந்தக் கூடத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

"அண்ணே, கை நனைச்சது நாங்க இல்ல, நீங்க. ஹெல்சிங்கியில நர்ஸ் வேலை பாக்குற பொண்ணுன்னு தெரிஞ்சுதான இலையில உக்காந்தீங்க? அந்தப் பொண்ணுதான் இருக்கு. வேலையில்லாத பொண்ணு எங்க வூட்டுல இல்ல."

"தங்கச்சி, மூவாயிரம் கிலோமீட்டரு. புருஷன் ஒரு மூலையில, பொண்டாட்டி ஒரு மூலையில. அதுக்குப் பேரு குடும்பமா?"

"கிலோமீட்டர விடுங்கண்ணே. அஞ்சு மணி நேரம். இங்கேருந்து மெட்ராஸ் போறதுக்கே அவ்வளவு நேரம் ஆவுது. மெட்ராஸ்ல வேலை பாக்குற பொண்ணுன்னா ராஜினாமா எழுதிக் கேப்பீங்களா?"

தாய்மாமன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நேரந்தான் மச்சான் கணக்கு. பஸ்ஸுலயும் டிரிப்ப நேரத்த வெச்சுத்தான் போடுவோம்" என்றார். மச்சான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன சம்பந்தி, உங்க வூட்டுல பொம்பளைதான் பேசுவாங்களா?"

என் வீட்டுக்காரர் குவைத்தில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச அவருக்கு அரை நாள் வேண்டும். இரு, பொறு, அப்புறம் பேசிக்கலாம் என்று என்னை அடக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப அவதாங்க எல்லாத்தையும் பேசுனா. இப்பவும் அவளே பேசட்டும்."

அந்த மனுஷனோடு நான் போடாத சண்டையில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு பேச்சுக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார் என்பது பெருமை. எவ்வளவு தூரம் என்று என் அப்பா கேட்கவில்லை, அவர் அப்பாவும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் அவர் பிளேன் ஏறினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். முந்திரி பொறுக்க ஆள் பிடித்தது, கொட்டை வியாபாரியோடு தொண்டை கட்டக் கத்தியது, மாமியாரை ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியது, எல்லாம் நான்தான். அன்றைக்குக் கல்யாணப் பேச்சு நடந்த இதே மகள், முதல்முதலாக அப்பாவைப் பார்த்தபோது நடக்கப் பழகியிருந்தாள். அவரைப் பார்த்துவிட்டு என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, அந்த மாமாவைப் போகச் சொல்லு என்று அழுதாள். அவரும் அன்றைக்கு அழுதார். இதற்குப் பேர் குடும்பமா என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

இதைத்தான் கூடத்தில் நின்று சொன்னேன். இவ்வளவு ஒழுங்காக இல்லை. நடுவில் கரண்டியில் இருந்த சாம்பார் என் காலில் கொட்டியது.

"ஆம்பள போறது வேற தங்கச்சி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எப்படிண்ணே வேற? அவங்க போற பிளேனு வேகமா போவுதா?"

அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் நான் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள். போகட்டும். எனக்கு ஆற்றாமை, வந்துவிட்டது.

"உங்க மூத்த பையன் சிங்கப்பூர்ல இருக்காரு. மருமவளும் புள்ளையும் உங்க வூட்டுல இருக்காங்க. அது எத்தனை கிலோமீட்டருன்னு அந்தப் போன்ல போட்டுப் பாருங்கண்ணே."

பேச்சுக்குத்தான் சொன்னேன். ஆனால் தாய்மாமன் நிஜமாகவே போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுவிட்டார். கேட்டவர் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் இல்லை.

"இதுவும் மூவாயிரம் கிட்ட வருது மச்சான். முந்நூறு, நானூறுதான் கம்மி. பிளேனும் நாலு மணி நேரத்துக்கு மேல."

அடுக்களை வாசலில் நின்றிருந்த மூத்த மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் காலைப் பிடித்து, கொலுசைத் திருகிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. என் மகளுக்காக இந்தப் பெண்ணைச் சந்திக்கு இழுத்துவிட்டேனே என்று.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். முகம் சிவந்துபோயிருந்தது.

"கிளம்புங்க எல்லாரும். பொம்பளைங்க இன்னும் கை நனைக்கல. பாதிப் பந்திதான் ஆயிருக்கு. அதனால இத சம்மதம்னு யாரும் எடுத்துக்க வேணாம். பொண்ணு வேலைய விடுதுன்னா சொல்லி அனுப்புங்க. இல்லன்னா இதோட விட்டுடுவோம்."

வயிறு முட்டத் தின்றுவிட்டு, பெண்கள் தின்னவில்லை என்பதையே தப்பிக்கிற வழியாகக் கண்டுபிடித்தாரே, அந்த மூளையை மெச்ச வேண்டும். பெண்கள் சம்மதம் ஒரு சம்மதம் என்று அந்த வீட்டில் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கும்.

சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகளின் தாழ்ந்த குரல் காதில் கேட்டது. அவள் வயசு, இதற்கு முன்னால் தட்டிப்போன இடங்கள், நாளைக்கு ஊர் பேசப்போகிற பேச்சு, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. சரிங்கண்ணே, கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு விட்டுவிடுவாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்போதைக்கு எல்லாம் அடங்கிவிடும். என் வாயில் அது வந்தும்விட்டது. அந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்று இரண்டு நாள் பேசாமல் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

"அவ வேலைய விட மாட்டாண்ணே. சொல்லி அனுப்ப ஒண்ணுமில்ல. பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

ஆண்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாசல்வரை போய்விட்டார். டிரைவர் வண்டியைக் கிளப்பிய சத்தம் கேட்டது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, போட்ட இலைகளை எடுத்துவிடலாம் என்று அடுக்களைப் பக்கம் திரும்பினேன்.

மூத்த மருமகள் முதல் இலையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சோறு போடுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

வாசலிலிருந்து மாமனார் அதட்டினார். "எந்திரிம்மா. கிளம்புறோம்னு சொன்னது காதுல வுழல?"

"பசிக்குது மாமா" என்றாள். எழுந்திருக்கவில்லை. அவள் கை இலையை விட்டு நகரவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு போட்டால் அவளுக்கு அந்த வீட்டில் என்ன நடக்குமோ. போடாவிட்டால் பசி என்று கேட்டவளுக்குச் சோறு இல்லை என்றவள் ஆவேன். அன்னக்கூடையைத் தூக்கினேன். ஒரு கரண்டி வைத்தேன். அவள் பருப்பைப் பிசைந்து முதல் வாயைக் குழந்தைக்குக் கொடுத்தாள். இரண்டாவது வாய் அவள் சாப்பிட்டாள்.

அதுவரைக்கும் மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வந்ததிலிருந்து காப்பி நல்லாயிருக்கு என்று சொன்னதோடு சரி. அந்த அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்தார். மருமகளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்து நான் நடுவில் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், மருமகளுக்குப் பக்கத்து இலையில் புடவையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். முட்டி வலி போலிருக்கிறது, ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் உட்கார முடிந்தது.

"போடுங்க சம்பந்தி" என்றார்.

வாசலில் நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"நம்ம பையன் எங்கிட்ட தை மாசமே சொல்லிட்டான். அந்தப் பொண்ணு வேலைய விடாது, எனக்கு சம்மதம்மா, தேவைப்பட்டா நானே அங்க மாறிக்கிறேன்னான். உங்ககிட்ட சொல்ல பயந்துகிட்டு எங்கிட்ட சொன்னான். நானும் பயந்துகிட்டுத்தான் இருந்தேன்."

கையை இலையில் வைத்தார். நான் போட்ட சோற்றில் குழம்பை வாங்கிக்கொண்டு பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வாசல் பக்கம் கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

"வண்டிய நிழல்ல போடச் சொல்லுங்க. நாங்க சாப்புட்டு முடிக்க நேரம் ஆவும்."